முயலகன் என்னும் வலிப்பு நோய்

மக்களால் மிகவும் தவறாக விளங்கிக்கொள்ளப்பட்ட நோய்களுள் வலிப்பு நோய் முதன்மையானது எனலாம். காய்ச்சலுற்றவனிடத்து இரக்கங் காட்டும் உலகம் வலிப்புற்றவனைக் கண்டு அஞ்சி விலகுகின்றது. அவ்வச்சத்தையறிந்த பெற்றார் தம் பிள்ளையின் நோயை மறைக்கின்றனர். மறைத்தலால் மருந்து தடைப்படுகின்றது; மருந்து தடைப்படுதலால் நோய் வளர்கின்றது. ஆதலின் இந்நோயின் இயல்பையும், அதனை ஆளும் முறையையும் கற்றோர் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும்.

ஆடவல்லானின் திருவடியின்கீழ்க் கிடக்கும் முயலகனை வடநூலார் அபஸ்மாரன் என்பர். ஆயுர்வேத நூல்களில் அபஸ்மாரம் என்பது வலிப்பு நோயின் பெயருமாகும். நினைவு நீங்குதல் என்பதே அச்சொல்லின் கருத்து. திருப்பாச்சிலாச்சிராமத்திற் கொல்லிமழவனின் மகளைப் பற்றியிருந்த முயலகன் என்னும் நோயைத் திருஞானசம்பந்தர் நீக்கியருளிய வரலாற்றைப் பெரியபுராணங் கூறுகின்றது. கிரேக்கரோ இதனைத் தெய்வத்தால் வந்த ‘புனித நோய்’ என்றனர். எனினும், இப்போக்கிரத்தீசு மரபினர் இயற்றிய நூலொன்று, ஏனைய நோய்களிலும் இது புனிதமானதன்று என்றும், இதன் இருப்பிடம் மூளையே என்றும் ஈராயிரத்து நானூறு ஆண்டுகளின் முன்னரே துணிந்து கூறியது. அக்கொள்கைக்கு அறிவியல் முறையில் அடித்தளமிட்டவர் யோன் ஹியூலிங்ஸ் யாக்சன் என்னும் ஆங்கில வைத்தியர். மூளையின் சாம்பனிறப் பகுதியில் திடீரென, மிகையாக, விரைந்து நிகழும் தூண்டற் பெருக்கே வலிப்பு என்று 1873 ஆம் ஆண்டில் அவர் விளக்கினார்.

நம் மூளையிலுள்ள கோடிக்கணக்கான நரம்புக் கலங்கள் நுண்ணிய மின் தூண்டல்களால் ஒன்றோடொன்று தொடர்புகொள்கின்றன. தூண்டுவனவும் அடக்குவனவுமாகிய இருவகைச் செயல்கள் அங்கே சமநிலையில் நிற்கின்றன. அச்சமநிலை குலையுங்கால் பெருந்தொகையான கலங்கள் ஒருங்கே கட்டின்றித் தூண்டப்படுகின்றன. அதன் புறத்தோற்றமே வலிப்பு. ஜெர்மனிய வைத்தியரான ஹான்ஸ் பேர்கர் 1924 ஆம் ஆண்டில் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்து, 1929 இல் வெளியிட்டார். அம்முறை இன்றும் நோயறிதற்குப் பெருந்துணை புரிகின்றது.

கீழே விழுந்து, உடல் விறைத்து, கைகால் உதறி, வாயில் நுரை தள்ளுவதே வலிப்பு எனப் பலர் கருதுவர். அஃது ஒருவகை மாத்திரமே. மூளையின் ஒரு பகுதியில் மட்டும் தோன்றும் வலிப்பில் ஒரு கை மட்டும் துடித்தலும், இல்லாத மணம் தோன்றுதலும், பொருளின்றி வாயை மெல்லுதலும் நிகழலாம். ஆசிரியர்கள் சிறப்பாக அறியவேண்டிய வகை பிறிதொன்றுண்டு. வகுப்பிலிருக்கும் பிள்ளை சில விநாடிகள் வெறித்துப் பார்த்து நினைவிழந்திருந்து, பின் ஒன்றும் நிகழாததுபோல எழுதத் தொடங்கும். ஒரு நாளிற் பலமுறை இவ்வாறு நேரலாம். இதனைக் கவனக்குறைவு என்றெண்ணித் தண்டித்தல் நோயைத் தண்டித்தலாகும். அழைத்தாலும் தொட்டாலும் பிள்ளை உணராதாயின், அச்செய்தியைப் பெற்றாருக்கு அறிவித்தல் ஆசிரியர் கடன்.

ஒருமுறை வலிப்பு வந்தோரெல்லாம் வலிப்பு நோயாளர் ஆகார். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகட்குக் கடுங்காய்ச்சலில் வலிப்பு வருதலுண்டு. அவருட் பெரும்பாலோர்க்குப் பின்னர் வலிப்பு நோய் உண்டாவதில்லை. உடனடித் தூண்டுகாரணமின்றி, ஒரு நாளுக்கு மேற்பட்ட இடைவெளியில் இருமுறை வலிப்பு வருமாயின் அதனை வலிப்பு நோய் என்பர். பிறப்பின்போது மூளைக்கு ஒட்சிசன் குறைதல், தலைக்காயம், மூளைக்காய்ச்சல், பக்கவாதம், கட்டி, பரம்பரையியல்பு ஆகியன இதன் காரணங்களாம். பலரிடத்துக் காரணம் புலப்படுவதில்லை. இது தொற்றுநோயன்று, நோயாளியின் உமிழ்நீராற் பரவாது.

வலிப்புற்றவர்க்குச் செய்யத்தக்கவை எளியன. அருகிலுள்ள கூரிய, கடிய பொருள்களை அகற்றுக. தலையின்கீழ் மெல்லிய துணியை வைத்து, கழுத்தருகே இறுகிய ஆடையைத் தளர்த்துக. துடிப்பு அடங்கியதும் ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்துக. உமிழ்நீர் வெளியேற இஃது உதவும். கைகால்களை இறுகப் பிடித்தலாகாது. வாயினுட் கரண்டியையோ விரலையோ நுழைத்தல் கேடு விளைக்கும். நினைவு முற்றாகத் திரும்புமுன் நீரோ மருந்தோ புகட்டலாகாது. கையில் இரும்பு கொடுக்கும் வழக்கத்தாற் பயனில்லை. சிறிது நேரத்தில் வலிப்புத் தானே ஓய்வதால் இரும்பு தணித்ததாக மக்கள் எண்ணுகின்றனர். ஐந்து நிமிடத்திற்கு மேல் வலிப்பு நீடித்தாலும், நினைவு திரும்புமுன் மீண்டும் வந்தாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். இலங்கையில் 1990 என்னும் இலக்கத்தை அழைப்பின் நோயாளர் வண்டி இலவசமாகக் கிடைக்கும்.

மருந்து வரலாறு 1857 ஆம் ஆண்டிற் புறோமைட்டுடன் தொடங்கியது. 1912 இல் பீனோபாபிற்றோனும், 1938 இல் பெனிற்றோயினும் பயனுடையனவெனக் கண்டறியப்பட்டன. பின்னர் காபமசிப்பீன், வல்புரோவேற்று முதலியன வந்தன. உலகில் ஏறத்தாழ ஐந்து கோடி மக்கள் இந்நோயுடையர் என்றும், தக்க சிகிச்சை கிடைப்பின் அவருள் நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. மருந்தைத் தாமாகத் திடீரென நிறுத்துதல் உயிருக்கே ஆபத்தாகலாம். ஈராண்டளவு வலிப்பின்றி இருந்தபின் மருந்தைக் குறைக்கலாமா என்பதை வைத்தியரே தீர்மானிப்பர். தாய்மையடையக்கூடிய பெண்கள் மருந்துகளைப் பற்றி முன்னரே வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும். வல்புரோவேற்று கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யவல்லது. மருந்துக்கு அடங்காத சிலர்க்குச் சத்திரசிகிச்சை உதவும்.

போதிய உறக்கம், நேரந்தவறாத மருந்து, மதுவை விலக்கல் என்பன நோயாளியின் காப்புகளாம். கிணற்றடி, குளம், அடுப்பங்கரை ஆகிய இடங்களிற் பிறர் துணையுடன் இருத்தல் நன்று. இவ்வெச்சரிக்கைகளுக்கு மேல், பாடத்தையோ விளையாட்டையோ முற்றாக மறுத்தல் தேவையற்றது.

இந்தியாவின் இந்து விவாகச் சட்டத்திலேயே வலிப்பு நோய் திருமணத் தடையாக இடம்பெற்றிருந்தது. 1999 ஆம் ஆண்டுத் திருத்தமே அதனை நீக்கிற்று. சட்டம் நீக்கிய தடையை மனம் நீக்கிற்றிலது. உருசிய நாவலாசிரியர் தொஸ்தயேவ்ஸ்கி இந்நோயுடனேயே பெருநூல்கள் படைத்தார். இந்நோயுற்ற மாணாக்கன் ஒருவனை வகுப்பினின்றும் விலக்குமுன், அவன் இழப்பது யாது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நோயை வைத்தியர் நோக்குவர். அச்சத்தை நீக்கும் பணி ஆசிரியர்க்கும் உடன் பயிலும் மாணாக்கர்க்கும் உரியதாகும்.