உங்களுக்குத் தெரியுமா? கடன் பாக்கிக்கும் வேலை போகும்!

அமெரிக்காவின் டெக்சாஸில் பல ஊர்களில் நகராட்சியே சொந்தமாக போலீஸும் தீயணைப்புப் படையும் வைத்திருக்கிறது. அரசியல்வாதிகள் நினைத்தபடி ஆளைத் தூக்கக் கூடாது என்று 1947-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். மக்கள்தொகை 10,000-க்குக் குறையாத நகரங்களில், மக்கள் வாக்களித்து ஏற்றுக்கொண்டால் மட்டுமே அது செல்லும்.

● பணிநீக்கத்துக்கான காரணங்களைச் சட்டமே பட்டியல் போட்டிருக்கிறது. பெரிய குற்றத்தில் தண்டனை, கடமை தவறுதல் எல்லாம் எதிர்பார்த்தவைதான். பொதுமக்களிடம் மரியாதைக்குறைவாக நடப்பதும், வாங்கிய கடனைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பதும்கூட அதில் உண்டு! டூட்டி முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் போதை கூடாது. தீயணைப்பு வீரர்களுக்கென்றே ஒரு வரி: நெருப்பைக் கண்டு பயந்து ஒதுங்கினால் குற்றம்.

● அங்கே ‘காலவரையற்ற சஸ்பென்ஷன்’ என்றால் டிஸ்மிஸ் என்றே அர்த்தம். பெயரில்தான் கொஞ்சம் நாகரிகம்.

● சஸ்பெண்ட் செய்த 120 மணி நேரத்துக்குள் துறைத் தலைவர் எழுத்துப்பூர்வ அறிக்கையை நகரின் பணியாளர் ஆணையத்திடம் தர வேண்டும். ‘ஒழுங்கீனமாக நடந்தார்’ என்று மொட்டையாக எழுதினால் போதாது. எந்தச் செயல், எந்த விதியை மீறியது என்று சொல்லாவிட்டால் ஆளை உடனே மீண்டும் வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பொதுவாக 180 நாளுக்கு முந்தைய பழைய கதையையும் கிளற முடியாது. குற்ற வழக்காகக்கூடிய செயல்களுக்கு மட்டும் கணக்கு வேறு.

● சஸ்பெண்ட் ஆனவருக்கும் கெடு உண்டு. அறிக்கை கைக்கு வந்த 10 நாளுக்குள் அப்பீல் போட வேண்டும். ஆணையத்தில் மூன்றே பேர். விசாரணை மேடையில் வைக்கப்பட்ட சாட்சியத்தை மட்டுமே அவர்கள் பார்க்கலாம். டீக்கடையில் காதில் விழுந்தது கணக்கில் வராது.

● ஆணையம் வேண்டாமென்றால் தனி நடுவர் கேட்கலாம். யார் நடுவர் என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போகாவிட்டால், ஏழு பெயர்கள் கொண்ட பட்டியல் ஒன்று வரவழைக்கப்படும். ஆளுக்கொன்றாக மாறி மாறி அடித்துக்கொண்டே வர, கடைசியில் மிஞ்சுபவரே நடுவர். அவருடைய கட்டணத்தில் பாதி அப்பீல் போட்டவர் தலையில். நடுவர் சொன்னதே முடிவு. அவர் அதிகார எல்லையைத் தாண்டினார், மோசடி நடந்தது என்பது போன்ற சில காரணங்களுக்காக மட்டுமே கோர்ட்டுக்குப் போகலாம். ஒருவகையில் இது சீட்டாட்டம்தான்: நல்ல நடுவர் வாய்த்தால் வேலை தப்பும்.

● நடுவருக்கும் கடிவாளம் உண்டு. வேக்கோ நகரில், டிஸ்மிஸ் ஆன ஓர் உயரதிகாரிக்கு ‘180 நாள் சஸ்பென்ஷன், கூடவே பதவி இறக்கம்’ என்று ஒரு நடுவர் சமரசத் தீர்ப்பு வழங்கினார். 2010-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை: நிரந்தர நீக்கம், 15 நாள் வரையிலான சஸ்பென்ஷன், பழைய பதவி என்ற மூன்றைத் தவிர நான்காவதாக ஒன்றைக் கண்டுபிடிக்க அவருக்கு அதிகாரமில்லை.

● அதற்கு ஓராண்டு முன் பாசடேனா நகர வழக்கு. விசாரணைக்குப் போலீஸ் தலைவர் நேரில் வரவில்லை என்பதற்காக, ஒரு சாட்சியைக்கூடக் கேட்காமல் அதிகாரிக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதிவிட்டார் நடுவர். அதுவும் எல்லை மீறல்தான் என்றது அதே உச்ச நீதிமன்றம்.