நாள் பார்த்தா, நாடி பார்த்தா?

தேவதானத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை பார்க்கிறாராம். "நல்லா ஓடிக்கிட்டிருக்கிற மிஷினை நிறுத்தி எதுக்கு டிராவலரை மாத்துறாங்க? கெட்டுப்போனதை மட்டும் மாத்தினா போதாதா?" என்பது அவர் கேள்வி. என் அத்தை அதே ஊரிலிருந்து மில் வேனில் போய் 20 வருடம் சைடராக, அறுந்த நூலை ஒட்டிவிடும் வேலையில் நின்றவர். கடிதத்தைப் படித்ததும் அவர் நினைவுதான் வந்தது.

நூல் நூற்கும் ரிங் பிரேம் என்றால் என்ன என்று ராஜபாளையம் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலத்திலிருந்து அது வீட்டுப் பேச்சு. டிராவலரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கால் மெட்டியை எறும்புக்குச் செய்தது போல, வாய் திறந்த ஒரு கம்பித் துண்டு. சன்ன நூலுக்கானது ஓரிரண்டு அரிசி மணி எடைதான் இருக்கும். ஸ்பிண்டில் சுற்றும்போது நூல் இதை இழுத்துக்கொண்டு, ஸ்பிண்டிலைச் சுற்றியிருக்கும் ரிங்கின் மேல் ஓடும். 38 மில்லிமீட்டர் ரிங்கில் ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 20,000 சுற்று சுற்றினால், டிராவலர் மணிக்கு 140 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. சென்னைக்குப் போகும் பொதிகை எக்ஸ்பிரஸுக்கு அந்த வேகம் கிடையாது. ஸ்பிண்டிலைவிட இது ஒரு துளி பின்தங்குகிறது. அந்தப் பின்தங்கலில்தான் நூல் கண்டில் சுற்றிக்கொள்கிறது. உரசும் இடத்தில் சூடு 300 டிகிரியைத் தாண்டும்.

இவ்வளவு சூட்டுக்கும் எண்ணெய் கிடையாது. விட்டால் நூலில் கறை படியும். எண்ணெயின் வேலையைப் பஞ்சே செய்கிறது! நூலிலிருந்து உதிரும் இழைத்தூள் நசுங்கி, ரிங்குக்கும் டிராவலருக்கும் நடுவே மெல்லிய படலமாகப் படிகிறது. நூற்கப்படும் பஞ்சே தன்னை நூற்கும் இயந்திரத்தைக் காப்பாற்றுகிறது. எனக்கு இதில் தீராத வியப்பு.

ரிங் விலை கூடியது, டிராவலர் மலிவு. அதனால் தேய்வதற்கென்றே டிராவலரை ரிங்கைவிடச் சற்று மென்மையான உலோகத்தில் செய்கிறார்கள். ஒரு பிரேமில் ஆயிரத்துக்கு மேல் டிராவலர்கள் ஒன்றாகத் தேய்கின்றன. ஒவ்வொன்றாகக் கெடட்டும் என்று விட்டால் நூல் அறும், பிசிறடிக்கும், ரிங்கும் பாழாகும். ஆகவே நாள் குறித்து மொத்தமாக மாற்றுவதே சரி. வாசகியின் கேள்விக்குப் பதில் இதுதான். இதை முன்தடுப்புப் பராமரிப்பு என்பார்கள்.

ஆனால் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கின் கதை வேறு. அதற்குக் குறிக்கும் ஆயுள், நூற்றில் தொண்ணூறு தாங்கும் காலம். பத்து அதற்கு முன்பே போய்விடும். பாதிக்கு மேல் அதைப்போல ஐந்து மடங்கு காலம் உழைக்கும். நாள் பார்த்து மாற்றினால் நல்லதைத் தூக்கி எறிவோம். சீக்கிரம் போகிற பத்தையும் தடுக்க மாட்டோம். கழற்றி மாட்டுவதிலும் கெடுதல் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ரோந்து விமானங்களை ஆராய்ந்த வாடிங்டன் என்ற விஞ்ஞானி, 50 மணி நேரப் பராமரிப்பு முடிந்த கையோடு பழுதுகள் கூடுவதைக் கண்டார்.

இங்கேதான் நாடி பார்க்க வேண்டும்: அதிர்வு, சூடு, சத்தம். என் மாமா கிணற்று மோட்டாரில் பேரிங் இருக்கும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றி, பிடியில் காதை வைத்துக் கேட்பார். "கரகரங்குது, அறுவடைக்கு முன்னாடி மாத்திடணும்" என்பார். முன்கணிப்புப் பராமரிப்பு அதுதான். இப்போது ஒவ்வொரு ஸ்பிண்டில் அருகிலும் சென்சார் வைத்து, டிராவலர் சுற்றுவதை எண்ணி, மெதுவாக ஓடும் ஸ்பிண்டிலைக் காட்டிக்கொடுக்கும் கருவிகள் வந்துவிட்டன. நல்ல கருவிகள். வாங்கட்டும்.

ஆனால் அத்தை சொன்னது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவர் பார்த்த பிரேமில் குறிப்பிட்ட ஒரு ஸ்பிண்டிலில் நூல் அறுந்துகொண்டே இருந்ததாம். மூன்று ஷிப்ட் சொல்லியும் "நீ பீஸிங்கை ஒழுங்காப் போடு" என்றே பதில் வந்தது. நான்காம் நாள் பேரிங் இறுகி நின்றது. எண்ணிக் காட்டும் கருவி அன்றைக்கும் அங்கே இருந்தது. அது என் அத்தை. லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கும் கருவி சொன்னால் நம்புகிறோம், நாள் முழுக்க பிரேமைச் சுற்றி நடக்கிற பெண் சொன்னால் குறித்துக்கொள்ளக்கூட மாட்டோம் என்பது அநியாயம்.

மில் நடத்துகிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு ரிங் பிரேம் பக்கத்திலும் ஒரு நோட்டைத் தொங்கவிடுங்கள். சைடர் சொல்லும் ஸ்பிண்டில் எண்ணை அவர் பெயரோடு எழுதுங்கள். அடுத்த ஷிப்டுக்கு வரும் பிட்டர் முதலில் அந்த நோட்டைப் பார்க்கட்டும்.