கோல்ஃப் மைதானத்தில் ‘பொது’ என்றால் என்ன? கடலூர், சிதம்பரம் பக்கம் ஒன்று வந்தால் எப்படி இருக்கணும்?

2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை. டோக்கியோ ஒலிம்பிக்கில் அதிதி அசோக் கடைசிச் சுற்று ஆடிக்கொண்டிருந்தார். அதுவரை கோல்ஃப் பக்கமே திரும்பாதவர்கள்கூட அன்று காலையில் போனும் கையுமாக ஸ்கோர் பார்த்தார்கள். ஒரே ஒரு ஷாட்டில் வெண்கலம் கைநழுவியது. கிடைத்தது நான்காவது இடம்.

‘சரி, நாமும் ஒருமுறை ஆடிப் பார்க்கலாமே’ என்று கடலூரிலோ சிதம்பரத்திலோ இருக்கும் ஒருவருக்குத் தோன்றினால்? தமிழகத்தில் கோல்ஃப் என்றதும் நினைவுக்கு வருவது சென்னை, கோவை, ஊட்டி, கொடைக்கானல். சிதம்பரத்தில் இருந்து சென்னையே 200 கிலோமீட்டருக்கு மேல். அங்கே போனாலும் பெரும்பாலானவை கிளப் மைதானங்கள். உறுப்பினர்களுக்குத்தான் முதல் இடம்.

பொது மைதானம் அப்படியில்லை. உறுப்பினர் அட்டை தேவையில்லை. நேரத்தை புக் செய்து, கட்டணம் கட்டி, யாரும் ஆடலாம். டெல்லி லாடோ சராயில் டெல்லி வளர்ச்சி ஆணையம் நடத்தும் குதுப் கோல்ஃப் மைதானம்தான் இந்தியாவின் முதல் பொது கோல்ஃப் மைதானமாக அறியப்படுகிறது.

ஆட்டம் வளர்ந்ததே பொது நிலத்தில்

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் உள்ள ‘ஓல்டு கோர்ஸ்’தான் கோல்ஃபின் தாய்வீடு. அது யாருடைய தனிச்சொத்தும் இல்லை. அந்தக் கடலோர மணல்வெளியில் ஆடும் உரிமை ஊர் மக்களுக்கு உண்டு என்று 1552-லேயே சாசனம் எழுதப்பட்டது. 1974 முதல், சட்டப்படி அமைந்த ஓர் அறக்கட்டளை அதை நிர்வகிக்கிறது.

இன்றும் 1-வது, 18-வது குழிகளுக்கான புல்வெளியின் குறுக்கே ஒரு பொதுப் பாதை போகிறது. பெரிய போட்டி இருந்தால் தவிர, ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆட்டம் கிடையாது. அன்று அது ஊருக்கான பூங்கா. குழந்தைகளோடு, நாய்களோடு மக்கள் நடந்து போவார்கள்.

மைதானத்தை எப்படிப் புரிஞ்சுக்கிறது?

முதல் அடி அடிக்கும் இடம் ‘டீ’. அங்கிருந்து நீளும் வெட்டிய புல்வெளி ‘ஃபேர்வே’. அதன் இரு பக்கமும் வளர்ந்து நிற்கும் புல் ‘ரஃப்’. மணல் பள்ளம் ‘பங்கர்’. கம்பளம் போல ஒட்ட வெட்டிய கடைசிப் பகுதி ‘கிரீன்’. அதில் 10.8 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு குழி.

ஒரு குழியை நல்ல ஆட்டக்காரர் எத்தனை அடியில் முடிக்கணும் என்ற கணக்குதான் ‘பார்’. குழிக்குக் குழி அது 3, 4, அல்லது 5. பெரும்பாலான மைதானங்களில் 18 குழிகளுக்கும் சேர்த்து 72 வரும். பாரைவிட ஒரு அடி குறைத்து முடித்தால் அது ‘பேர்டி’. முழு ஆட்டத்துக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

‘பொது’ என்றால் டிசைனில் என்ன மாறும்?

நிறையவே மாறும். சாம்பியன்களுக்கான மைதானம் தவறைத் தண்டிக்கும். பொது மைதானம் தவறைத் தாங்கணும். ஏனென்றால் அங்கே முதல்முறை மட்டை பிடிப்பவரும் இருப்பார், 20 வருஷமாக ஆடுபவரும் இருப்பார்.

அதனால் ஒவ்வொரு குழிக்கும் வேறு வேறு தூரத்தில் பல டீக்கள் வைப்பார்கள். ஃபேர்வேயை அகலமாக விடுவார்கள். குளத்தைத் தாண்டி அடித்தே ஆகணும் என்ற கட்டாயத்தைக் குறைப்பார்கள். கிரீனுக்கு முன்னால் பங்கர் வைக்காமல் திறந்து விட்டால், புதியவர் பந்தைத் தரையோடு உருட்டியாவது உள்ளே கொண்டுவருவார்.

இதில் நேரக் கணக்கும் உண்டு. சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்த குழு கிளம்பும். ஒருவர் புதரில் பந்தைத் தேடி நின்றால், பின்னால் வரும் எல்லோரும் காத்திருக்கணும். பந்து தொலையாத மைதானத்தில் ஆட்டம் வேகமாக நகரும், நாளைக்குக் கூடுதல் பேர் ஆடலாம், கட்டணமும் குறையலாம்.

புல்லுக்கும் தண்ணிக்கும் என்ன வழி?

கோல்ஃப் உலகம் ‘பெர்முடா புல்’ என்று சொல்வது வேறெதுவும் இல்லை, பிள்ளையாருக்குச் சாத்தும் நம்ம அருகம்புல்தான். அதன் கலப்பின வகைகள்தான் வெப்ப நாடுகளின் பல மைதானங்களில் இருக்கின்றன. உப்புத் தண்ணீரைத் தாங்கும் ‘பாஸ்பாலம்’ என்ற வகையைக் கடலோர மைதானங்களில் வளர்க்கிறார்கள்.

ஆனால் புல் கிடைத்தால் போதாது. கோடையில் 18 குழி மைதானம் ஒரு நாளைக்குப் பல லட்சம் லிட்டர் தண்ணீர் குடிக்கும். நிலத்தடி நீரில் கடல்நீர் கலக்கும் கவலை உள்ள கடலோர மாவட்டத்தில் அதை போர்வெல்லில் எடுப்பது நியாயமில்லை. சுத்திகரித்த கழிவுநீர்தான் சரியான வழி.

அப்போ நிலம்?

பெரிய சிக்கல் இதுதான். சிதம்பரம் நடராஜர் கோயில் வளாகம் சுமார் 40 ஏக்கர். 18 குழி மைதானத்துக்கு அதுபோல மூன்று, நான்கு மடங்கு வேணும்.

சிதம்பரத்தைச் சுற்றியுள்ள குமராட்சி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை வட்டாரங்கள் 2020-ம் ஆண்டு சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் வருகின்றன. நெல் விளையும் மண்ணை ஆட்டத்துக்கு யார் கேட்பது? கடலோரம் போகலாம் என்றால், மணல்மேடுகள், பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காடுகள், ஆமை முட்டையிடும் இடங்கள் எல்லாம் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளில் உச்சபட்ச பாதுகாப்புப் பிரிவில் இருக்கின்றன. 2004 சுனாமியையும் 2011 தானே புயலையும் பார்த்த கரை இது.

சான் பிரான்சிஸ்கோ நகராட்சியின் கடலோரப் பொது மைதானம் ஷார்ப் பார்க் ஓர் எச்சரிக்கை. புகழ்பெற்ற வடிவமைப்பாளர் அலிஸ்டர் மெக்கென்சி உருவாக்கி 1932-ல் திறந்தது. புயல் அலைகள் சில குழிகளைச் சிதைத்தன, தடுப்புச் சுவர் எழுப்ப வேண்டியிருந்தது. அங்கு வாழும் அரிய தவளை, பாம்பு இனங்களுக்காக வழக்குகளும் நடந்தன.

சென்னையிலும் ஒரு பாடம் இருக்கிறது. கிண்டி ரேஸ் கோர்ஸ் நடுவேதான் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம் இருந்தது. ரேஸ் கிளப்புக்கு ஆண்டுக்கு 614 ரூபாய் சொச்சம் வாடகைக்கு விடப்பட்ட அந்த 160 ஏக்கர் அரசு நிலத்தின் குத்தகையை, தமிழக அரசு 2024 செப்டம்பரில் ரத்து செய்தது. அங்கே பசுமைப் பூங்கா வரும் என்று அறிவித்தது, மழைநீர் தேங்கக் குளங்களும் வெட்டப்பட்டன. விவகாரம் நீதிமன்றம் போனது. பொது நிலம் சிலருக்கு மட்டும் பயன்பட்டால் ஒருநாள் கேள்வி வரும்.

எது சாத்தியம்?

சின்னதாக யோசிப்பது. 9 குழி, எல்லாமே பார் 3 என்றால் 20 முதல் 30 ஏக்கர் போதும், அதாவது கோயில் வளாகத்தைவிடக் குறைவு. விவசாயம் இல்லாத உள்நிலத்தில், மறுசுழற்சி நீரில், வாடகை மட்டையோடு நடத்தலாம். ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் ஆட்டம் முடியும். ஞாயிற்றுக்கிழமை நடைப்பயிற்சிக்குத் திறந்துவிடலாம்.

இது யாருக்காக? 1991-ல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், டெல்லியில் மற்றவர்களின் பையைத் தூக்கிய கேடி. 2009-ல் அதே பட்டத்தை வென்ற பெங்களூரு சி. முனியப்பாவும் கேடியாக இருந்தவர்தான். வேலைக்காக மைதானத்துக்குள் போனதால்தான் அவர்கள் கைக்கு மட்டை வந்தது. கடலூர் அரசுப் பள்ளி மாணவி ஒருவர் டிக்கெட் எடுத்து உள்ளே போய் மட்டை பிடிக்க முடிந்தால், அந்த மைதானத்தைப் பொது மைதானம் என்று சொல்லலாம்.