மூளை இல்லை... இதயம் இல்லை... ஆனாலும் உயிர் உண்டு!

குழந்தைகளே, சாயல்குடி தெரியுமா? ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் வழியில் வரும் ஊர். எங்கு பார்த்தாலும் பனைமரங்கள். அங்கிருந்து சிறிது தூரம் தெற்கே போனால் மூக்கையூர் கடற்கரை. எதிரே பரந்து கிடப்பது மன்னார் வளைகுடா!

காற்று பலமாக அடித்து ஓய்ந்த மறுநாள் இந்தக் கரையோரம் நடந்து பாருங்கள். அலைகள் பல பொருட்களை ஒதுக்கி விட்டிருக்கும். அவற்றில் மூன்றை மட்டும் கவனிப்போம்.

ஒன்று, உடலெல்லாம் ஓட்டைகள் நிறைந்த பஞ்சு போன்ற பொருள். இரண்டாவது, கண்ணாடி போலப் பளபளக்கும் கொழகொழப்பான உருண்டை. மூன்றாவது, பூப்பூவாகக் கோலம் போட்டது போன்ற வெள்ளைக் கல்.

இவற்றில் எது விலங்கு? 'ஒன்றுமே இல்லை' என்கிறீர்களா? தப்பு! முதல் இரண்டும் விலங்குகள். மூன்றாவது, விலங்குகள் கட்டிய வீடு!

ஆச்சரியமாக இருக்கிறதா? விலங்கு என்றாலே நமக்கு மாடு, நாய், யானைதான் நினைவுக்கு வரும். ஆனால், உலகில் உள்ள விலங்கு வகைகளில் 100-க்கு 95-க்கும் மேற்பட்டவை முதுகெலும்பே இல்லாதவை. அவற்றிலும் மிக எளிமையான உடலமைப்பு கொண்டவை சிலவற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

சல்லடை உடம்புக்காரர்!

கடற்பஞ்சுக்கு வாய், வயிறு, இதயம், மூளை, நரம்பு எதுவும் கிடையாது. வளர்ந்த பிறகு பாறையில் ஒட்டிக்கொண்டு ஒரே இடத்தில் இருக்கும். அதனால் பழங்காலத்தில் பலர் இதைச் செடி என்றே நினைத்தார்கள். ஆனால், செடி வெயிலைக் கொண்டு தன் உணவைத் தானே தயாரிக்கும். கடற்பஞ்சால் அது முடியாது. பிற உயிர்களைத்தான் தின்ன வேண்டும். ஆகவே, அது விலங்கு!

வாய் இல்லாமல் எப்படித் தின்னும்? அதன் உடலில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. உள்ளே இருக்கும் செல்கள் சாட்டை போன்ற இழையை ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருக்கும். அதனால் கடல்நீர் துளைகள் வழியே உள்ளே வரும். நீரில் உள்ள நுண்ணுயிர்களைச் செல்கள் பிடித்துத் தின்னும். மிச்ச நீர் பெரிய துளை வழியே வெளியே போய்விடும். துளைகள் நிறைந்திருப்பதால் இவற்றுக்குத் 'துளையுடலிகள்' என்று பெயர்.

1907-ஆம் ஆண்டு வில்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு சோதனை செய்தார். உயிருள்ள கடற்பஞ்சைப் பட்டுத்துணியில் வைத்துப் பிழிந்து, தனித்தனிச் செல்களாக்கித் தண்ணீரில் விட்டார். என்ன ஆனது தெரியுமா? பிரிந்த செல்கள் ஊர்ந்து வந்து ஒன்று சேர்ந்து, மறுபடியும் கடற்பஞ்சாக வளர்ந்தன!

தொட்டால் சுடும்!

கொழகொழப்பான உருண்டைதான் ஜெல்லி மீன். மீனவர்கள் 'சொறி' என்பார்கள். பெயரில் மீன் இருந்தாலும் இது மீன் அல்ல. இதன் உடலில் 100-க்கு 95 பங்கு தண்ணீர்தான்.

கடற்பஞ்சைவிட இது ஒரு படி மேல். உடலுக்குள் பை போன்ற ஒரு குழி இருக்கிறது. அதுதான் வயிறு. அதற்கு ஒரே ஒரு வாசல்! உணவு உள்ளே போவதும், கழிவு வெளியே வருவதும் அந்த வழியாகத்தான். அதனால் இவை 'குழியுடலிகள்' எனப்படுகின்றன. மூளை இல்லை. ஆனால், உடல் முழுவதும் வலை போல நரம்புகள் பின்னியிருக்கும்.

இதன் தொங்கும் இழைகளில் கொட்டும் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் நுண்ணிய விஷ நூல் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். ஏதாவது பட்டால் போதும், நூல் அம்பு போலப் பாயும்! கரையில் செத்துக் கிடக்கும் சொறிகூடக் கொட்டும். எனவே கையாலோ, காலாலோ தொடாதீர்கள். பட்டுவிட்டால் அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. உடனே பெரியவர்களிடம் சொல்லி மருத்துவரிடம் போக வேண்டும்.

குட்டிக் கொத்தனார்கள்!

வெள்ளைக் கல்லைக் கட்டியவை பவள உயிரிகள். இவையும் குழியுடலிகளே. ஜெல்லி மீனுக்குச் சொந்தக்காரர்கள்! பெரும்பாலானவை சில மில்லிமீட்டர் அளவுதான். கடல்நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தம்மைச் சுற்றிக் கிண்ணம் போல வீடு கட்டிக்கொள்ளும். கிண்ணத்தின் மேல் கிண்ணமாக ஆண்டுக்கணக்கில் சேர்ந்தால் பவளப்பாறை! உருண்டைப் பவளங்கள் பல, ஆண்டு முழுவதும் உழைத்தும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வளரும்.

பவள உயிரியின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பாசிகள் வெயிலில் உணவு தயாரித்துப் பங்கு கொடுக்கும். வாடகை மாதிரி! கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடானால் இந்தப் பாசிகள் வெளியேறிவிடும். பவளம் வெளுத்துவிடும். சூடு நீடித்தால் பட்டினியால் செத்தும் போகும். 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் இப்படி நடந்தது.

காணாமல் போன தீவுகள்

ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 குட்டித் தீவுகள் வரிசையாக இருந்தன. நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு என்று பெயர்களே வேடிக்கையாக இருக்கும். தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் அரண் போல நின்று அலையின் வேகத்தைக் குறைக்கின்றன. மீன்கள் குஞ்சு வளர்ப்பதும் அங்கேதான். 1986-ஆம் ஆண்டு இந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

ஆனால், பல ஆண்டுகளாகச் சுண்ணாம்புக்காகவும், கட்டட வேலைக்காகவும் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தார்கள். அரண் போனதும் அலைகள் தீவுகளை அரித்தன. பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன!

2001-ஆம் ஆண்டு பவளங்களுக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கு இணையான இடம் கிடைத்தது. உயிருள்ளதோ, செத்ததோ, பவளத்தை எடுப்பதும் விற்பதும் குற்றம். தூத்துக்குடி அருகே தேய்ந்து வந்த வான் தீவைக் காப்பாற்ற, 2015-ஆம் ஆண்டு முதல் கடலுக்குள் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். உடைந்த பவளத் துண்டுகளைக் கான்கிரீட் சட்டங்களில் கட்டி மீண்டும் வளர்க்கும் பணியும் இந்த வளைகுடாவில் நடந்து வருகிறது.

அடுத்த முறை கடற்கரைக்குப் போகும்போது, பூப்போட்ட வெள்ளைக் கல் காலில் தட்டுப்பட்டால் குனிந்து நன்றாகப் பாருங்கள். எத்தனை கிண்ணங்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி உயிர் வாழ்ந்திருக்கும். பார்த்து முடித்ததும் கல்லை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். சரிதானே, குழந்தைகளே?