சாக்கில் சுற்றிப் புதைக்கச் சொன்ன பிஷப்!

உயில் என்றதும் நமக்கு வீடு, நிலம், நகை, வங்கிக் கணக்குதான் நினைவுக்கு வரும். யாருக்கு எவ்வளவு என்ற வரியைத்தான் எல்லோரும் தேடுவார்கள். ஆனால், 600 ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தில் ஒரு பிஷப் உயில் எழுதினால், சொத்து விவரம் பின்னால்தான் வரும். முதலில், தன் ஆன்மாவை இறைவனிடம் ஒப்படைப்பார். அடுத்து, தன் உடலை எங்கே, எப்படி அடக்கம் செய்ய வேண்டும் என்று சொல்வார். அதன் பிறகுதான் பணமும் பாத்திரமும் புத்தகங்களும்.

லிங்கன் நகரின் பிஷப்பாக இருந்த ஃபிலிப் ரெப்பிங்டனும் அப்படித்தான் ஓர் உயில் எழுதினார். அதில் உடலைப் பற்றி அவர் எழுதிய பகுதி, இன்று படித்தாலும் திடுக்கிட வைக்கிறது. பேராலயத்துக்குள் தனக்கு இடம் வேண்டாம். வெளியே, புனித மார்கரெட் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில், திறந்த வானத்தின் கீழ் புதைத்தால் போதும். சவப்பெட்டி வேண்டாம். உடுப்பும் வேண்டாம். வெற்றுடம்பை ஒரு சாக்கில் போட்டுப் புதைத்துவிடுங்கள் என்று கேட்டிருந்தார்.

ரெப்பிங்டன் சாதாரண ஆள் இல்லை. இளவயதில் ஆக்ஸ்ஃபோர்டில், திருச்சபையின் செல்வத்தைக் கடுமையாகச் சாடிய ஜான் விக்லிஃபின் பக்கம் நின்றவர். 1382-ல் அந்தக் கருத்துகளைக் கைவிட்டு, திருச்சபையின் வழிக்குத் திரும்பினார். பிறகு ஏற்றம்தான். மடாலயத் தலைவர், அரசர் நான்காம் ஹென்றிக்கு நெருக்கமானவர், பிஷப், கார்டினல் என்று உயர்ந்தார். 1419-ல் பிஷப் பதவியிலிருந்து தானாகவே விலகினார். இளமையில் பேசிய எளிமை, கடைசியில் உயிலில் திரும்பி வந்ததோ என்னவோ!

1424-ல் அவர் காலமானார். உயில் சொன்னது ஒன்று, நடந்தது வேறு. அவரை லிங்கன் பேராலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள்.

ஆன்மாவுக்கு ஓர் ஒப்பந்தம்

பிஷப்புகள் ஏன் உயிலில் இவ்வளவு கவனம் செலுத்தினார்கள்?

அவர்களுக்குத் திருமணம் கிடையாது. சட்டப்படி வாரிசுகளும் கிடையாது. ஆனால், பிஷப் என்றால் பெரும் நிலங்களுக்கும் மாளிகைகளுக்கும் அதிகாரி. கையில் சேர்ந்ததை உறவினர்களுக்கும், பணியாளர்களுக்கும், ஆலயத்துக்கும், ஏழைகளுக்கும் பிரித்துக் கொடுத்தாக வேண்டும்.

இன்னொரு காரணம், அச்சம். இறந்தவரின் ஆன்மா நேராகச் சொர்க்கத்துக்குப் போய்விடாது. பாவக் கறை தீரும்வரை உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேதனைப்பட வேண்டும் என்பது அன்றைய நம்பிக்கை. உயிரோடு இருப்பவர்கள் செய்யும் பிரார்த்தனையும் திருப்பலியும் அந்தக் காலத்தைக் குறைக்கும். அதனால் உயில் என்பது ஏறக்குறைய ஓர் ஒப்பந்தம்: 'நான் கொடுக்கிறேன், நீங்கள் எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.'

ஏழைகளின் வேண்டுதலுக்கு வலிமை அதிகம் என்றும் நம்பினார்கள். எனவே, இறுதிச் சடங்கில் தீப்பந்தம் ஏந்தி நிற்க ஏழைகளை அழைத்து, அவர்களுக்கு அங்கியும் காசும் கொடுக்கும்படி பலர் எழுதிவைத்தார்கள். 30-வது நாள் திருப்பலி, ஆண்டு நினைவுத் திருப்பலி என்று தனித்தனியாகப் பணம் ஒதுக்கினார்கள். பெரும் வசதி உள்ளவர்கள், தங்கள் கல்லறைக்கு மேலேயே சிறிய வழிபாட்டுக்கூடம் கட்டி, அங்கே தினமும் திருப்பலி நிறைவேற்றக் குருமார்களுக்குச் சம்பளம் ஏற்படுத்தினார்கள்.

கூரைத் தண்ணீர் விழும் இடம்

எளிமையான அடக்கத்தைக் கேட்டு ஏமாந்தவர் ரெப்பிங்டன் மட்டும் அல்ல. அவருக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் முன்பு வாழ்ந்த வின்செஸ்டர் பிஷப் ஸ்விதனின் கதையும் அதுதான்.

தன்னை ஆலயத்துக்கு வெளியே, நடப்பவர்களின் காலடியும் கூரையிலிருந்து வடியும் மழைநீரும் படும் இடத்தில் புதைக்கும்படி அவர் கேட்டுக்கொண்டதாக மரபு சொல்கிறது. அப்படியே செய்தார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே கிடந்தார். அதற்குள் மக்கள் அவரைப் புனிதராகக் கொண்டாடத் தொடங்கிவிட்டார்கள். புனிதரை வெளியே விடலாமா? 971-ம் ஆண்டு ஜூலை 15 அன்று, அவரது எலும்புகளைத் தோண்டியெடுத்து ஆலயத்துக்குள் கொண்டுபோய் வைத்தார்கள்.

ஜூலை 15-ல் மழை பெய்தால், தொடர்ந்து 40 நாள்கள் பெய்யும் என்று இங்கிலாந்தில் இன்றும் ஒரு சொலவடை உண்டு. தன்னை இடம் மாற்றியதற்கு அந்தப் புனிதர் கண்ணீர் விடுகிறார் என்று அதற்குக் கதையும் கட்டினார்கள். உள்ளே கொண்டுபோனதாலும் அவருக்கு நிம்மதி கிடைத்துவிடவில்லை. 1538-ல் எட்டாம் ஹென்றியின் ஆட்கள் அந்தப் புனிதத் தலத்தை உடைத்துப்போட்டார்கள்.

தன் பிணத்தைத் தானே பார்த்தவர்

தன் விருப்பத்தை மற்றவர்கள் கையில் விடாமல், உயிரோடு இருக்கும்போதே முடித்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். கேன்டர்பரி பேராயர் ஹென்றி சிச்செலி, 1420-களிலேயே தன் கல்லறையைக் கட்டிவிட்டார். இறந்தது 1443-ல்!

அந்தக் கல்லறையில் இரண்டு அடுக்குகள். மேலே, முழு அலங்காரத்துடன் வண்ணமயமாகப் படுத்திருக்கும் பேராயர். கீழே, அவரே எலும்பும் தோலுமாக, ஆடையில்லாத பிணமாகக் கிடக்கிறார். எளிய நிலையில் பிறந்து, உச்சிக்கு உயர்ந்து, இப்போது புழுவுக்கு உணவாகிறேன் என்ற பொருளில் லத்தீனில் வாசகமும் பொறித்திருக்கிறார்கள். தன் பேராலயத்துக்கு வரும்போதெல்லாம், தன் பிணத்தின் சிலையைப் பார்த்தபடியே அவர் வாழ்ந்தார்.

அதே சிச்செலி 1438-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆல் சோல்ஸ் கல்லூரியை நிறுவினார். அரசர் ஐந்தாம் ஹென்றிக்காகவும், பிரான்ஸ் போர்களில் மாண்டவர்களுக்காகவும் பிரார்த்திப்பது அந்தக் கல்லூரியின் கடமைகளில் ஒன்று.

வின்செஸ்டர் பிஷப் வில்லியம் ஆஃப் விக்கம் 1404-ல் இறந்தார். சிறுவயதில், தான் நின்று திருப்பலி கண்டதாகச் சொல்லப்படும் இடத்திலேயே, பேராலயத்துக்குள் கல்லறைக் கூடம் கட்டிக்கொண்டார். அவரது சிலையின் காலடியில் மூன்று சிறிய துறவிகள் கைகூப்பி அமர்ந்திருக்கிறார்கள். அவர்களும் கல் சிலைகள்தான்; ஓயாமல் பிரார்த்தித்துக்கொண்டே இருக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டின் நியூ காலேஜையும் வின்செஸ்டர் பள்ளியையும் நிறுவியவர் இவர்தான்.

அரசாங்கம் எடுத்துக்கொண்டது

இந்த ஏற்பாடுகள் எல்லாம் என்றென்றும் தொடரும் என்றுதான் எழுதிவைத்தவர்கள் நம்பினார்கள். 1547-ல் ஒரே சட்டத்தில் அந்த நம்பிக்கை உடைந்தது. சிறுவன் ஆறாம் எட்வர்ட் அரியணையில் இருந்த காலம். இறந்தவர்களுக்காகத் திருப்பலி செய்வது மூடநம்பிக்கை என்று புதிய சீர்திருத்த அரசு முடிவு செய்தது. அதற்காக ஒதுக்கியிருந்த நிலங்களும் பணமும் அரச கருவூலத்துக்குப் போயின. கூடங்களில் மெழுகுவத்திகள் அணைந்தன.

ஆனால், அந்தச் சட்டம் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளுக்கும் வின்செஸ்டர் பள்ளிக்கும் விலக்கு அளித்தது. காரணம், அங்கே பிள்ளைகள் படித்தார்கள், அறிஞர்கள் உருவானார்கள். பிரார்த்தனைக்கு மட்டும் என்று எழுதியது போனது. பாடத்தோடு சேர்த்து எழுதியது தப்பியது.

அதன் பலன் கல்லறைகளுக்கும் கிடைத்தது. 1642-ல் உள்நாட்டுப் போர்வீரர்கள் வின்செஸ்டர் பேராலயத்தைச் சூறையாடியபோது, அவர்களின் அணியிலேயே இருந்த பழைய மாணவர் ஒருவர் வாளை உருவிக்கொண்டு விக்கமின் கல்லறையைக் காத்தார் என்று அந்த ஊரில் ஒரு கதை சொல்கிறார்கள். சிச்செலியின் கல்லறையை, அவர் நிறுவிய ஆல் சோல்ஸ் கல்லூரி இன்றும் பராமரிக்கிறது. அதன் வண்ணங்கள் மங்காமல் இருப்பது அதனால்தான்.

தண்ணீருக்கு ஒரு பிரார்த்தனை

வெல்ஸ் நகரின் பிஷப் தாமஸ் பெக்கின்டன் இன்னொரு வழி கண்டார். அவரும் இரண்டு அடுக்குக் கல்லறையை முன்கூட்டியே கட்டினார். 1452 ஜனவரியில், மக்கள் கூடியிருக்க, தன் கல்லறையின் முன் தன் ஆன்மாவுக்காகத் தானே திருப்பலி நிறைவேற்றினார். அதன் பிறகு 13 ஆண்டுகள் வாழ்ந்தார்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1451-ல், அவர் ஊருக்கு ஒன்று செய்திருந்தார். அவரது மாளிகை வளாகத்தில் வற்றாத நீரூற்றுகள் இருந்தன. அந்தத் தண்ணீரைக் குழாய் வழியே சந்தைத் திடலுக்குக் கொண்டுபோக அனுமதி கொடுத்தார். பதிலுக்கு அவர் கேட்டது பணம் அல்ல. ஆண்டுக்கு ஒருமுறை ஊர்ப் பெரியவர்கள் தன் கல்லறைக்கு வந்து, தன் ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

வெல்ஸ் நகரின் முக்கியத் தெருவில், நடைபாதையை ஒட்டிய சிறு வாய்க்காலில், அந்த ஊற்றுகளின் தண்ணீர் இன்றும் சலசலத்து ஓடுகிறது.