வராத கேம்ஸுக்கு முன்பணம்

தீபாவளிக்குத் திருப்பூர் வந்திருந்தேன். அக்கா மகன், புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரின் முன் என்னை உட்கார வைத்து, "மாமா, உங்க கார்டுல 25 டாலர் கட்டுங்க. கேம்ஸும் வரும், டீ-சர்ட்டும் தர்றாங்களாமா" என்றான். பனியன் கம்பெனி நடத்தும் வீட்டில் இருந்துகொண்டு டாலர் கட்டி டீ-சர்ட் கேட்கிறானே என்று மச்சான் சிரித்தார். விஷயம் அதுவல்ல. அந்த கேம்ஸ் இன்னும் தயாரிக்கப்படவே இல்லை!

இதற்குக் கிரவுட்ஃபண்டிங் என்று பெயர். பலரிடம் சிறு தொகைகளாகத் திரட்டி ஒரு பொருளைத் தயாரிப்பது. 2009-ல் தொடங்கிய கிக்ஸ்டார்டர் என்னும் வெப்சைட் இதில் பெயர் பெற்றது. தயாரிப்பவர் தன் திட்டத்தை விளக்கி, இவ்வளவு தொகை, இத்தனை நாளில் வேண்டும் என்று அறிவிப்பார். குறித்த நாளில் அந்தத் தொகை சேர்ந்தால்தான் உங்கள் கார்டிலிருந்து பணம் எடுக்கப்படும். ஒரு டாலர் குறைந்தாலும் யாரிடமும் எடுக்கமாட்டார்கள்.

கேம்ஸ் உலகில் இதைப் பெரிதாக்கியவர்கள் புதியவர்கள் அல்லர். பழம் தின்று கொட்டை போட்டவர்கள். டிம் ஷேஃபர் 1998-ல் கிரிம் ஃபண்டாங்கோ என்னும் புகழ்பெற்ற கேம்ஸைத் தந்தவர். மவுஸால் கிளிக் செய்து கதையை நகர்த்தும் அவ்வகை கேம்ஸ் இனி விற்காது என்று, பணம் போடும் பதிப்பாளர்கள் ஒதுங்கிவிட்டனர். திருப்பூர் பாஷையில், பையர் ஆர்டர் தரவில்லை. ஷேஃபர் 2012 பிப்ரவரியில் நேராக ரசிகர்களிடம் 4 லட்சம் டாலர் கேட்டார். 33 லட்சத்துக்கு மேல் குவிந்தது. தந்தவர்கள் 87,000 பேருக்கு மேல்.

பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. பணம் பெருகியதும் திட்டமும் பெருகிவிட்டது. அந்தப் பணமும் போதவில்லை. புரோக்கன் ஏஜ் என்ற அந்த கேம்ஸின் முதல் பாதி 2014 ஜனவரியிலும், மறுபாதி 2015 ஏப்ரலிலும் வந்தன. வந்ததே, அதைச் சொல்லுங்கள்! விங் கமாண்டர் புகழ் கிறிஸ் ராபர்ட்ஸ் 2012-ல் தொடங்கிய ஸ்டார் சிட்டிசன், 2024-ல் 70 கோடி டாலர் வசூலைத் தாண்டியபோதும் சோதனைப் பதிப்பாகவே இருந்தது.

நம் நாட்டுக் கதை வேறு விதம். புனேயில் அவிசல் சிங், ஸ்ருதி கோஷ், பிரிட்டனைச் சேர்ந்த இயன் மௌட் ஆகியோர் தொடங்கிய நாடிங் ஹெட்ஸ் நிறுவனம், ராஜி என்ற கேம்ஸுக்காக 2017-ல் கிக்ஸ்டார்டரில் பணம் கேட்டது. தம்பியைத் தேடி அசுரர்களோடு மோதும் ஒரு சிறுமியின் கதை. கேட்ட தொகை சேரவில்லை. விதிப்படி ஒரு பைசாவும் கைக்கு வரவில்லை. கம்பெனி நின்றுவிடாமலிருக்க ஸ்ருதி கோஷ் தன் வீட்டை விற்றார். பிறகு ஒரு பதிப்பாளர் கை கொடுத்தார். 2020 ஆகஸ்டில் நின்டெண்டோ ஸ்விட்ச்சிலும், அக்டோபரில் கம்ப்யூட்டரிலும் ராஜி வெளிவந்தது. அந்த ஆண்டு கேம் அவார்ட்ஸில், சிறந்த அறிமுக கேம்ஸ் பிரிவின் இறுதிப் பட்டியலிலும் இடம் பெற்றது.

எல்லா இந்திய முயற்சியும் இப்படி அல்ல. பைரோடாக்டைல் என்னும் சிறு நிறுவனம், பழங்கால இந்தியாவைப் போன்ற ஒரு களத்தில் நடக்கும் அன்ரெஸ்ட் கேம்ஸுக்காக 2013-ல் 3,000 டாலர் மட்டும் கேட்டு, 36,000-க்கு மேல் பெற்றது. 2014-ல் தந்தும் விட்டது. சிறியதாகக் கேட்டதால் தப்பித்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, நாம் பணம் கட்டலாமா? மச்சான் கேட்டது இதைத்தான்: "இது ஆர்டரா, பங்கா?" இரண்டும் இல்லை. லாபத்தில் உங்களுக்குப் பங்கில்லை. அறிவிக்கப்படும் டெலிவரி தேதி ஓர் உத்தேசமே. பொருள் வந்து சேரும் என்று கிக்ஸ்டார்டர் பொறுப்பேற்பதில்லை. நானும் முதல் சம்பளத்தில் 20 டாலர் கட்டி, ஒரு கேம்ஸுக்கு இன்னும் காத்திருக்கிறேன். முதலில் மாதம் ஒரு மெயில் வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

எனவே பணம் கட்டும் முன், ஓடக்கூடிய மாதிரி ஒன்றைக் காட்டுகிறார்களா என்று பார்க்கவும். படங்கள் மட்டும் இருந்தால், சாம்பிள் தைக்காமல் ஷிப்மென்ட் தேதி சொல்வது போலத்தான். அவர்களின் முந்தைய திட்டம் சொன்ன நேரத்தில் முடிந்ததா என்றும் தேடிப் பார்த்திடவும். வெளிநாட்டுப் பரிமாற்றம் உங்கள் கார்டில் நிறுத்தப்பட்டிருக்கலாம். வங்கியின் செயலியில் அதனை இயக்கிவிட்டு, பணம் எடுக்கப்பட்ட பிறகு மீண்டும் நிறுத்திவிடவும். டாலருக்கு மாற்றும் கட்டணம் தனி. டீ-சர்ட் கேட்டால் தபால் செலவும் சேரும்.

மருமகன் கேட்ட திட்டத்தில் வரைபடங்கள் மட்டுமே இருந்தன. அதை விட்டுவிட்டு, ஸ்டீமில் ராஜியை வாங்கி இன்ஸ்டால் செய்து கொடுத்தேன். இரண்டு நாளாக அவன் மவுஸை விடவில்லை. டீ-சர்ட்டை மச்சான் செக்கிங் டேபிளிலிருந்து எடுத்து வந்தார்.