‘வண்டி தண்ணி குடிக்குது’... ஹெட் கேஸ்கெட் போச்சா? வீட்டிலேயே மாற்ற முடியுமா? முழு விளக்கம்

தூத்துக்குடியில் இருந்து மதுரைக்கு குடும்பத்தோடு கிளம்பிய பழைய கார். எட்டயபுரம் தாண்டியதும் டெம்பரேச்சர் முள் மெல்ல ஏறி சிவப்பு கோட்டைத் தொடுகிறது. பானட்டுக்குள் இருந்து ஆவி. “ஒண்ணும் இல்ல, ரெண்டு பாட்டில் தண்ணி ஊத்துனா போயிரும்” என்று வண்டியைத் தொடர்ந்து ஓட்டினால் என்ன ஆகும்? சில நூறு ரூபாய் பொருளில் முடிய வேண்டிய வேலை, இன்ஜினையே இறக்கும் பல ஆயிரம் ரூபாய் செலவில் போய் நிற்கும்.

அந்த சில நூறு ரூபாய் பொருளின் பெயர் ஹெட் கேஸ்கெட். அது என்ன செய்கிறது? போய்விட்டது என்று எப்படி கண்டுபிடிப்பது? மெக்கானிக் இல்லாமல் வீட்டிலேயே மாற்றலாமா? கடலோர ஊர்க்காரர்கள் எதில் கூடுதலாக கவனமாக இருக்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

ஹெட் கேஸ்கெட் என்றால் என்ன?

கார் இன்ஜினில் இரண்டு பெரிய பாகங்கள் உண்டு. கீழே இருப்பது பிளாக். பிஸ்டன்கள் ஓடுவது அதில்தான். மேலே மூடி போல உட்கார்ந்திருப்பது சிலிண்டர் ஹெட். வால்வுகள், ஸ்பார்க் பிளக் எல்லாம் இதில் இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே வைக்கப்படும் மெல்லிய தகடுதான் ஹெட் கேஸ்கெட்.

பார்க்க சாதாரண தகடு. ஆனால் அது ஒரே நேரத்தில் மூன்று வேலை பார்க்கிறது. சிலிண்டருக்குள் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டி எரியும் வாயுவை வெளியே விடாமல் அடைக்கிறது. அதைச் சுற்றி ஓடும் கூலன்ட் தண்ணீரை அதன் பாதையிலேயே வைக்கிறது. மேலே ஏறி இறங்கும் இன்ஜின் ஆயிலையும் தனியாகப் பிரித்து வைக்கிறது. இந்த மூன்றில் ஏதாவது இரண்டு ஒன்றோடு ஒன்று கலந்துவிட்டால், அதைத்தான் பட்டறையில் ‘கேஸ்கெட் போச்சு’ என்கிறார்கள்.

ஏன் போகிறது?

பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். அளவுக்கு மீறிய சூடு.

மாருதி 800, ஆம்னி போன்ற வண்டிகளில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூடு ஏறும்போது அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சாதாரண சூட்டில் இந்த வித்தியாசத்தை கேஸ்கெட் தாங்கிக்கொள்ளும். தண்ணீர் வற்றி இன்ஜின் கொதிக்கும்போது ஹெட் வளைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்த வளைவு வழியாகத்தான் கசிவு தொடங்குகிறது.

அதனால் கேஸ்கெட் போவது பல நேரங்களில் நோய் அல்ல, நோயின் விளைவு. ரேடியேட்டர் அடைப்பு, ஓடாத ஃபேன், தேய்ந்த வாட்டர் பம்ப், திறக்காத தெர்மோஸ்டாட், பிடிப்பு விட்ட ரேடியேட்டர் மூடி என மூல காரணம் வேறு எங்காவது இருக்கும். அதைச் சரிசெய்யாமல் புது கேஸ்கெட் போட்டால் அதுவும் போகும்.

தூத்துக்குடி கார்களுக்கு என்ன பிரச்சினை?

ரேடியேட்டரில் எந்தத் தண்ணீர் ஊற்றுகிறோம் என்பதுதான் இங்கே பெரிய கேள்வி.

நாட்டின் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடத்தில் இருக்கிறது தூத்துக்குடி வட்டாரம். இங்குள்ள உப்பளங்கள் பலவற்றுக்கு கடல் நீர் மட்டுமல்ல, போர் போட்டு எடுக்கும் நிலத்தடி உப்பு நீரும் பாய்ச்சப்படுகிறது. உப்பு காய்ச்சும் அளவுக்கு நிலத்தடி நீர் கரிக்கும் ஊரில், வீட்டு போர் தண்ணியை குடத்தில் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றினால் என்ன ஆகும்?

உப்பில் உள்ள குளோரைடு அலுமினியத்தை சிறிது சிறிதாக அரிக்கும். ஹெட்டில் கேஸ்கெட் உட்காரும் இடத்தில் தண்ணீர் துளைகளைச் சுற்றி குழி விழும். சுண்ணாம்புச் சத்து படிந்து ரேடியேட்டர் குழாய்களை அடைக்கும். வீட்டில் வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவுதான் இன்ஜினுக்குள்ளும்.

வல்லநாட்டில் இருந்து வரும் தாமிரபரணி தண்ணீர் போர் தண்ணியைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் சரியானது, கம்பெனி சொல்லும் கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும்தான். கடலுக்குள்ளேயே ஓடும் படகு இன்ஜின்கள் பலவற்றில்கூட, இன்ஜினுக்குள் சுற்றுவது நல்ல தண்ணீரும் கூலன்ட்டும்தான். கடல் நீர் வெளியே இருந்து அதைக் குளிர வைப்பதோடு சரி.

வெள்ளத்தில் நின்ற கார் என்றால்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை தூத்துக்குடி மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. ஏரல், ஸ்ரீவைகுண்டம் பகுதிகள் தண்ணீரில் மிதந்தன. ஏராளமான வாகனங்கள் மூழ்கின.

மூழ்கிய காரை அப்படியே ஸ்டார்ட் செய்தால் ஆபத்து. காற்று வரும் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், பிஸ்டன் மேலே வரும்போது அதை அழுத்த முடியாது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. விளைவு, கனெக்டிங் ராடு வளையும். கேஸ்கெட் கிழியவும் வாய்ப்பு உண்டு. பழைய கார் வாங்குபவர்கள் சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார்த்து சேற்றுக் கறை இருக்கிறதா, மிதியடிக்கு அடியில் துரு இருக்கிறதா என்று கவனிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

கேஸ்கெட் போச்சு என்பதற்கு அறிகுறிகள் என்ன?

* வெளியே எங்கும் ஒழுகாமலேயே கூலன்ட் குறைந்துகொண்டே வரும். ‘வண்டி தண்ணி குடிக்குது’ என்று சொல்வது இதைத்தான்.

* சைலன்சரில் விடாமல் வெள்ளைப் புகை, அதில் ஒருவித இனிப்பு வாடை. அதிகாலையில் சில நிமிடம் வரும் லேசான ஆவி சாதாரணம். இன்ஜின் சூடான பிறகும் நிற்காவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

* ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால் காபி நிறத்தில் கொழகொழவென்று இருக்கும். ஆயிலும் தண்ணீரும் கலந்ததன் அடையாளம் இது.

* இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால், தண்ணீரில் குமிழிகள் விடாமல் வரும்.

* ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால் ஒன்று மட்டும் கழுவி வைத்தது போல பளிச்சென்று இருக்கும். தண்ணீர் போகும் சிலிண்டர் அதுதான்.

ஒரே ஒரு அறிகுறியை வைத்து ஹெட்டைக் கழற்றிவிடக் கூடாது. கம்ப்ரஷன் டெஸ்ட் செய்தால் எந்த சிலிண்டரில் அழுத்தம் குறைகிறது என்று தெரியும். ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் ஒரு நீல நிற திரவச் சோதனையும் உண்டு. எரிந்த வாயு தண்ணீரில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும்.

வீட்டிலேயே மாற்றலாமா?

முடியும். ஆனால் எல்லா வண்டிக்கும் அல்ல, எல்லோருக்கும் அல்ல.

796 சிசி, மூன்று சிலிண்டர், ஒரே கேம் ஷாஃப்ட் கொண்ட மாருதி 800 மாதிரியான எளிய இன்ஜின் என்றால், ஸ்பேனர் பிடித்துப் பழகியவர் பொறுமையாகச் செய்யலாம். ஆம்னியிலும் அதே அளவு இன்ஜின்தான். ஆனால் அது முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால் கை போகும் இடம் குறைவு. டர்போ டீசல், இரட்டை கேம் ஷாஃப்ட், நேரடி இன்ஜெக்ஷன் வண்டிகளை பழகாதவர் தொடாமல் இருப்பதே நல்லது.

அந்த வண்டிக்கான சர்வீஸ் மேனுவல், டார்க் ரெஞ்ச், ஃபில்லர் கேஜ், நேர்க்கோட்டு இரும்பு ஸ்கேல் ஆகியவை கட்டாயம் வேண்டும். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் வேலையைத் தொடங்கவே வேண்டாம். முதல் முறை செய்பவருக்கு ஒரு சனி, ஞாயிறு போதாது. நடுவில் ஹெட்டை லேத்துக்கு கொண்டுபோய் வர வேண்டியிருக்கும். அதுவரை வீட்டுக்கு வேறு வண்டி இருக்கிறதா என்பதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

கழற்றும்போது...

இன்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு ஹெட் போல்ட்டைத் தளர்த்தினால் நல்ல ஹெட்டும் வளைந்துவிடும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, கூலன்ட்டையும் ஆயிலையும் வடிக்க வேண்டும்.

வடித்த கூலன்ட்டை சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றக் கூடாது. அதில் உள்ள எத்திலீன் கிளைகால் விஷம், ஆனால் ருசி இனிப்பு. தெரு நாய்கள் நக்கிவிடும், குழந்தைகளும் தொட்டுவிடும். மூடி போட்ட கேனில் பிடித்து வைப்பது அவசியம்.

ஒவ்வொரு ஹோஸ், வயரைக் கழற்றுவதற்கு முன்பும் மொபைலில் ஒரு போட்டோ. அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு போல்ட்டுகளை வரிசைப்படி குத்தி வைத்தால் எது எங்கே என்ற குழப்பம் வராது. டைமிங் பெல்ட்டைக் கழற்றும் முன் குறிகளை நேர்படுத்திக்கொள்ள வேண்டும்.

ஹெட் போல்ட்டுகளை ஓரத்தில் இருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவதே முறை. ஹெட் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் ஸ்க்ரூ டிரைவரை நடுவில் விட்டு நெம்பக் கூடாது. அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் அதுவே அடுத்த கசிவுக்கு வழி.

கழற்றியாச்சு... அடுத்து?

தவறு அதிகம் நடப்பது இந்த இடத்தில்தான். பழைய கேஸ்கெட் துணுக்குகளை பிளாஸ்டிக் அல்லது மரத் துண்டால் சுரண்டி எடுக்க வேண்டும். கிரைண்டர், எமரி சக்கரம் வேண்டாம். பள்ளம் விழும், தூள் இன்ஜினுக்குள் போய் பேரிங்கைத் தின்னும். போல்ட் துளைகளில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் முழுவதும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இறுக்கும்போது அந்த அழுத்தத்தில் பிளாக்கே விரிசல் விடலாம்.

பிறகு ஸ்கேலை ஹெட் மீது நீளவாக்கில், அகலவாக்கில், மூலைக்கு மூலை வைத்து, அடியில் ஃபில்லர் கேஜ் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். சிறிய இன்ஜின்கள் பலவற்றில் 0.05 மி.மீ.தான் எல்லை. ஒரு வெள்ளைத் தாளின் கனத்தில் பாதி. அதைத் தாண்டினால் லேத் பட்டறையில் ஹெட் பேசிங் செய்தே ஆக வேண்டும். விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட்டும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். ‘பார்த்தா நல்லாத்தான இருக்கு’ என்று இதைத் தவிர்த்துவிட்டு பூட்டும் வண்டிகள்தான் சில வாரத்தில் மீண்டும் கொதிக்கின்றன.

பூட்டும்போது...

புது கேஸ்கெட்டில் எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்ற குறி இருக்கும். மாற்றி வைத்தால் ஆயில் துளை அடைபடும். மேனுவல் சொன்னாலொழிய கேஸ்கெட்டில் பசை, ஷெல்லாக் எதுவும் தடவ வேண்டாம்.

இறுக்கும்போது வரிசை தலைகீழ். நடுவில் தொடங்கி ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றுகளாக, மேனுவலில் உள்ள அளவுக்கு. சில இன்ஜின்களில் கடைசியாக இத்தனை டிகிரி திருப்ப வேண்டும் என்று இருக்கும். அந்த வகை போல்ட்டுகள் இழுபட்டு வேலை செய்பவை என்பதால் பெரும்பாலும் புதிதாகத்தான் போட வேண்டும்.

டைமிங் பெல்ட்டை மாட்டியதும் கிராங்க்கை கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது தட்டினால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. எல்லாம் சரியாக இருந்தால் புது ஆயில், புது ஃபில்டர், புது கூலன்ட். காற்றுக் குமிழி வெளியேறும்வரை ஐடிலில் ஓட விட்டு, ஃபேன் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே ரோட்டுக்கு எடுக்க வேண்டும். ஆயிலில் முன்பு தண்ணீர் கலந்திருந்தால், சிறிது தூரம் ஓடியதும் இன்னொரு முறை ஆயில் மாற்றுவது இன்ஜினுக்கு நல்லது.

மஞ்சள் தூள் போட்டால் போதுமா?

ரேடியேட்டர் லீக்குக்கு மஞ்சள் தூள் கொட்டுவது ஓட்டுநர்களின் பழைய கைவைத்தியம். வழியில் ரேடியேட்டரின் சிறு ஓட்டையை அது தற்காலிகமாக அடைக்கலாம். எரியும் வாயுவின் அழுத்தத்தைத் தாங்கும் கேஸ்கெட்டை அடைக்காது. தூள் எங்காவது சேர்ந்து இருக்கிற நல்ல பாதையையும் அடைத்துவிடும் ஆபத்துதான் அதிகம். ‘நம்ம ஊரு வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு’ என்று கழற்றி எறிவதும் அப்படித்தான். இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோல் குடிக்குமே தவிர, கொதிப்பதன் காரணம் தீராது.

மின்சார காருக்கும் இந்தத் தொல்லை உண்டா?

தூத்துக்குடி சிப்காட்டில் வியட்நாம் நிறுவனமான வின்ஃபாஸ்ட்டின் மின்சார கார் ஆலை 2025 ஆகஸ்ட் 4 அன்று திறக்கப்பட்டது. அங்கே தயாராகும் கார்களில் ஹெட்டும் இல்லை, ஹெட் கேஸ்கெட்டும் இல்லை. பேட்டரியைக் குளிர வைக்க அவற்றிலும் கூலன்ட் உண்டு என்பதால், போர் தண்ணி ஊற்றக் கூடாது என்ற விதி மட்டும் மாறாது. ஆனால் வீட்டு வாசலில் நிற்கும் பழைய பெட்ரோல், டீசல் கார்கள் இன்னும் பல வருடம் ஓடத்தான் போகின்றன.

வழியில் முள் சிவப்பைத் தொட்டால்?

உடனே ஓரம் கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும். ‘அடுத்த பெட்ரோல் பங்க் வரைக்கும்’ என்று ஓட்டும் அந்த சில கிலோமீட்டரில்தான் ஹெட் வளைகிறது. ரேடியேட்டர் மூடியை சூட்டில் திறக்கவே கூடாது. மூடிய அமைப்புக்குள் அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் பீய்ச்சி அடிக்கும். குறைந்தது அரை மணி நேரம் காத்திருந்து, ஹோஸைத் தொட்டால் சுடவில்லை என்றான பிறகே மூடியில் கை வைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றியும் முள் மறுபடி ஏறினால், அந்த வண்டி அன்றைக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டிய வண்டி அல்ல, இழுத்துக்கொண்டு போக வேண்டிய வண்டி.